வாக்கின் எடை

வாக்கு என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. நாவினின்று பிறக்கும் சொல்லும் வாக்கு. தேர்தலில் நாம் அளிக்கும் ஒப்புதலும் வாக்கு. இவ்விரண்டையும் விலைக்கு விற்றல் தகாது என்பது நம்மிடையே நெடுங்காலமாக நிலவிவரும் கருத்து. ஆனால் இன்று, எழுதும் சொல்லுக்கும் அதனை ஒப்பி இடும் வாக்குக்கும் ஒருங்கே விலை வைக்கும் அரங்குகள் தோன்றியுள்ளன. கைப்பேசி வழியே ஒருவர் கட்டுரையோ படமோ வெளியிடுகிறார். மற்றவர் அதற்கு வாக்களிக்கின்றனர். வாக்கின் அளவுக்கேற்ப அவருக்குப் பணம் வருகிறது. அங்கே எல்லாருடைய வாக்கும் ஒரே எடை உடையதன்று. மிகுந்த பொருள் வைத்திருப்பவரின் வாக்குக்கு மிகுந்த எடை. இம்முறை நேர்மையானதா? இது எவ்வாறு தவறாகப் பயன்படுத்தப்படுகிறது? அதனைத் தடுக்க வழி யாது? பிழைப்பின் பொருட்டுத் தாயகம் விட்டு வந்து, ஓய்வு நேரத்தில் எழுதியும் பாடியும் சிறிது பொருள் ஈட்டலாம் என்று எண்ணும் தமிழர் பலர் உளர். ஆதலின் இக்கேள்விகள் நமக்கும் உரியனவே.

இதனை விளக்கத் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. பெங்களூரில் 1898ஆம் ஆண்டில் பரவிய பிளேக் நோய்க்குப் பின்னர், நெருக்கமான தெருக்களில் வாழ்ந்த மக்களுக்குக் காற்றும் வெளிச்சமும் கிடைக்க வேண்டும் என்று திட்டமிட்டு அமைக்கப்பெற்ற பகுதி பிரேசர் டவுன். மைசூரில் ஆங்கில அரசின் ரெசிடெண்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரை அது தாங்கி நிற்கிறது. புலிகேசி நகர் என்பது பின்னர் சூட்டப்பெற்ற பெயர். பழைய கண்டோன்மெண்டைச் சார்ந்த இப்பகுதியில் தமிழும் கன்னடமும் உருதும் ஆங்கிலமும் ஒரே தெருவில் ஒலிக்கக் கேட்கலாம். இங்கு வாழும் ஒரு தமிழ்க் குடும்பம் ஒரே ஆண்டில் மூன்று வகையான வாக்குகளை அளிக்க நேரலாம்.

முதலாவது, பொதுத் தேர்தலில் அளிக்கும் வாக்கு. ஆங்கிலேயர் ஆட்சியில் சொத்தும் வரியும் கல்வியும் உடையோர்க்கே வாக்குரிமை இருந்தது. நம் அரசியலமைப்பின் 326ஆம் பிரிவு அந்த வேலியை அகற்றி, வயது வந்தோர் அனைவருக்கும் அவ்வுரிமையை வழங்கிற்று. 21ஆக இருந்த வயது வரம்பு 1989ஆம் ஆண்டில் 18ஆகக் குறைந்தது. பங்களா உடையவருக்கும் ஒரு வாக்கு. அதன் வாயிலைக் காப்பவருக்கும் ஒரு வாக்கு. இது தலைக்கு ஒரு வாக்கு என்னும் முறை.

இரண்டாவது, அடுக்குமாடி வீட்டுச் சங்கத்தில் அளிக்கும் வாக்கு. பழைய தோட்ட வீடுகள் இருந்த இடங்களில் இன்று அடுக்குமாடிகள் எழுந்துள்ளன. 1972ஆம் ஆண்டின் கர்நாடக அடுக்குமாடி உரிமைச் சட்டம், பெரும்பான்மையைத் தலை எண்ணிக்கையால் அன்றி, ஒவ்வொரு வீட்டுக்கும் உறுதிமொழிப் பத்திரத்தில் குறிக்கப்பெற்ற விழுக்காட்டால் கணக்கிடுகிறது. இது பங்குக்கு ஏற்ற வாக்கு. சீட்டுப் பிடிப்போரும் இதன் நியாயத்தை எளிதில் உணர்வர். இரண்டு சீட்டுக் கட்டுபவர்க்கு இரண்டு முறை ஏலம் எடுக்க உரிமை உண்டு. இரட்டைப் பொறுப்பைச் சுமப்பவர் இரட்டை உரிமை பெறுவதில் ஒருவரும் குறை காண்பதில்லை.

மூன்றாவதே நாம் மேலே கூறிய கைப்பேசி வாக்கு. இது முதல் வகையைச் சார்ந்ததா, இரண்டாம் வகையைச் சார்ந்ததா? குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. ஓர் எழுத்து நன்று என்பதைச் சொல்ல வாசகராக இருந்தால் போதும். அதற்குத் தலைக்கு ஒரு வாக்கே பொருத்தம். ஆனால் அவ்வெழுத்துக்குப் பொதுப் பெட்டியினின்று பணம் செல்கிறது. பெட்டியில் பொருள் வைத்திருப்பவர் தமக்கு மிகுந்த சொல்லுரிமை வேண்டும் என்கிறார். சுவையை அளக்கும் கருவியும் பணத்தைப் பங்கிடும் கருவியும் ஒன்றாகிவிட்டன.

இம்முறைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஸ்டீமிட் என்னும் அரங்கு. 2016ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நெட் ஸ்காட், டேனியல் லாரிமர் என்னும் இருவர் இதனைத் தோற்றுவித்தனர். ஸ்டீம் என்பது அதன் மின்னணு நாணயம். அந்நாணயத்தைச் செலவிடாமல் அரங்கிலேயே பூட்டி வைப்பவர்க்கு வாக்கு வலிமை உண்டாகும். பூட்டிய பொருளைத் திரும்பப் பெற ஒரு காலத்தில் 13 வாரத் தவணை இருந்தது. ஒரு முழு வாக்கு இட்டால் வலிமையில் நூற்றில் 2 பங்கு குறையும். நாளொன்றுக்கு 20 பங்கு மீண்டும் ஊறும். ஆகவே நாள்தோறும் பத்து முழு வாக்குகள் இடலாம். பதிவு வெளியான ஏழாம் நாள் கணக்குப் பார்த்து, பொதுப் பெட்டியில் புதிதாகச் சேரும் நாணயம் எழுதியவர்க்கும் வாக்களித்தவர்க்கும் பிரித்தளிக்கப்படும்.

தொடக்கத்தில் அங்கே ஒரு விந்தையான கணக்கு இருந்தது. ஒரு பதிவு பெற்ற வாக்கு வலிமையை அதே எண்ணால் பெருக்கி, அதற்கேற்ப ஊதியம் வழங்கினர். இதன் விளைவை ஒரு சிறு கணக்கால் அறியலாம். பெட்டியில் 1,000 ரூபாய் இருப்பதாகக் கொள்வோம். 100 பங்கு உடைய செல்வர் ஒருவர் ஒரு பதிவுக்கு வாக்களிக்கிறார். ஒரு பங்கு மட்டுமே உடைய 100 பேர், 100 வேறு பதிவுகளுக்கு வாக்களிக்கின்றனர். செல்வரின் பதிவுக்கு 100ஐ 100ஆல் பெருக்கிய 10,000 புள்ளி. மற்ற 100 பதிவுகளுக்கும் சேர்த்து 100 புள்ளிதான். ஆயிரம் ரூபாயில் ஏறத்தாழ 990 ரூபாய் ஒருவர் சுட்டிய பதிவுக்குச் செல்லும்; எஞ்சிய பத்து ரூபாயை நூற்றுவர் பகிர்ந்துகொள்வர். பங்கில் சரிபாதி உடைய எளியோர்க்குப் பயனில் நூற்றில் ஒன்றே கிடைக்கும்.

இது முறையன்று என்று கண்டு, 2017ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பங்குக்கு நேரான ஊதியம் என்று விதியை மாற்றினர். மேற்கூறிய கணக்கில் இப்பொழுது செல்வரின் பதிவுக்கு 500 ரூபாய், மற்றவர்க்கு 500 ரூபாய். நேர்மை பிறந்துவிட்டது என்று பலரும் மகிழ்ந்தனர். ஆனால் ஒரு கதவை அடைக்க மற்றொரு கதவு திறந்துகொண்டது. பழைய விதியில் பலர் ஒரே பதிவில் கூடினால்தான் பெரும்பயன். இதனால் நல்ல பதிவைத் தேடிச் செல்ல ஒரு தூண்டுதல் இருந்தது. புதிய விதியிலோ, எந்தப் பதிவுக்கு வாக்களித்தாலும் வாக்கின் மதிப்பு ஒன்றே. அப்படியாயின் பிறர் எழுத்தைப் படித்து வாக்களிப்பானேன்? ஒரு வரி எழுதித் தமக்குத் தாமே வாக்களித்துக்கொண்டால் பயன் முழுதும் தம்மிடமே வந்து சேரும் அன்றோ?

இவ்வாறு தோன்றிய முறைகேடுகளை நான்காக வகுக்கலாம்.

தனக்குத் தானே வாக்களித்தல் முதலாவது. இரண்டாவது, கூட்டு வாக்கு. நால்வர் சேர்ந்து, ஒருவர்க்கொருவர் படியாமலே வாக்களித்துக்கொள்வர். மூன்றாவது, வாக்கு விற்பனை. பெரும்பங்கு உடையோர் தம் வாக்கு வலிமையைத் தானியங்கிக் கணக்குகளுக்கு வாடகைக்கு விட்டனர். எழுதுபவர் அக்கணக்குக்குப் பணம் செலுத்தினால், அது அவர் பதிவுக்குப் பெரும் வாக்கை இடும். செலுத்திய பணத்தைவிடச் சற்று மிகுதியாக வருமாயின் அவர்க்கும் ஆதாயம். வாடகை பெறுவோர்க்கும் ஆதாயம். இழந்தவர் யார் எனின், வாக்கு வாங்க இயலாமல், எழுத்தையே நம்பியிருந்தவர். புகழ் பெற்ற பதிவுகள் என்று முதற்பக்கத்தில் காட்டப்பட்ட பட்டியல், விலை கொடுத்தோர் பட்டியலாகவே மாறிற்று.

நான்காவது முறைகேடு எதிர்வாக்கு. ஒரு பதிவின் ஊதியத்தைக் குறைக்கவும் அங்கே வாக்களிக்கலாம். முறைகேடாகப் பணம் பெறுவோரைத் தடுக்க வைத்த கருவி அது. ஆனால் எளியவர் ஒருவரின் எதிர்வாக்கு செல்வர் மீது தைக்காது. செல்வரின் எதிர்வாக்கோ எளியவரின் ஏழு நாள் ஊதியத்தை ஒரு நொடியில் இல்லாமற் செய்துவிடும். பகையின் காரணமாகவோ, கருத்து வேறுபாட்டின் காரணமாகவோ இக்கருவி எடுக்கப்பட்டால், முறையிடுவதற்கு ஒரு மன்றமும் இல்லை. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டில் விதிகள் மீண்டும் திருத்தப்பட்டன. எழுதுபவர்க்கு முக்காலும் வாக்களிப்பவர்க்குக் காலும் என்றிருந்த பங்கீடு பாதிப்பாதியாயிற்று. எதிர்வாக்குக்குத் தனி ஒதுக்கீடு வழங்கப்பட்டது. விலைக்கு வாங்கிய வாக்கு இதனால் குறைந்தது எனினும், எழுதுபவர் தம் பங்கில் ஒரு பகுதியை இழந்தார்.

இவையெல்லாம் இக்காலப் பொறிகளால் விளைந்த புதுக் கேடுகள் என்று எண்ணிவிடலாகாது. சென்னைக் கோட்டையில் எழுத்தராக வாழ்வைத் தொடங்கிய ராபர்ட் கிளைவின் வரலாற்றிலேயே இதனைக் காணலாம். கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களை லண்டனில் பங்குதாரர்கள் தேர்ந்தெடுத்தனர். 500 பவுன் பங்கு உடையவர்க்கு ஒரு வாக்கு. அதற்கு மேல் எவ்வளவு வைத்திருந்தாலும் ஒரே வாக்கு. செல்வர் ஆதிக்கத்தைத் தடுக்க இதைவிட நல்ல விதி வேண்டுமோ என்று தோன்றும். 1763ஆம் ஆண்டுத் தேர்தலில் லாரன்ஸ் சலிவனை எதிர்த்த கிளைவ், ஏறத்தாழ ஒரு லட்சம் பவுன் பெறுமான பங்குகளை 500, 500ஆகப் பிரித்து நண்பர்கள் பெயரில் எழுதிவைத்தார். எதிர்த்தரப்பும் இதே வேலையைச் செய்தது. நாம் பினாமி என்று சொல்கிறோமே, அதுதான் இது. தேர்தல் முடிந்ததும் பங்குகள் உரியவரிடம் திரும்பின.

இதனைத் தடுக்க ஆங்கிலப் பாராளுமன்றம் 1767இல் ஒரு சட்டம் இயற்றிற்று. பங்கு வாங்கி ஆறு திங்கள் கழிந்த பின்னரே அதற்கு வாக்கு. 1773ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம் அதனை ஓராண்டாக்கியது. ஒரு வாக்குக்கு 1,000 பவுன் பங்கு வேண்டும் என்றும், 3,000 பவுனுக்கு இரண்டு, 6,000 பவுனுக்கு மூன்று, 10,000 பவுனுக்கு நான்கு வாக்கு என்றும், அதற்கு மேல் எவர்க்கும் இல்லை என்றும் வகுத்தது. பங்கு பெருகப் பெருக வாக்கு மெல்லவே பெருகும் இக்கணக்கு, ஸ்டீமிட்டின் பழைய பெருக்கல் கணக்குக்கு நேர் எதிரானது.

இதனின்று ஓர் உண்மை புலனாகிறது. தலைக்கு ஒரு வாக்கு என்றால் பினாமிகள் பெருகுவர்; பங்குக்கு ஒரு வாக்கு என்றால் செல்வர் ஓங்குவர். பொதுத் தேர்தலில் பினாமியைத் தடுக்க வாக்காளர் பட்டியல் இருக்கிறது. விரலில் இடும் அழியா மை இருக்கிறது. 1962ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தல் முதல் வழங்கிவரும் அந்த மையைச் செய்வது, நாம் வாழும் கர்நாடகத்திலேயே, மைசூரில் உள்ள அரசுத் தொழிற்சாலை. கைப்பேசி அரங்கில் விரலும் இல்லை, மையும் இல்லை. ஒருவர் நூறு பெயரில் கணக்குத் தொடங்கலாம். ஆதலினாலேயே அவ்வரங்குகள் பங்கு முறையை நாடின. அவர்கள் தேர்ந்தது முற்றிலும் தவறு என்று கூறுவதற்கில்லை. ஆனால் அதற்கு வேண்டிய வேலிகளை அவர்கள் அமைக்கவில்லை.

வேலியில்லாத பங்கு வாக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2020ஆம் ஆண்டு காட்டிற்று. ஸ்டீம் அரங்கின் கணக்கேட்டைக் காப்பவர்க்குச் சாட்சிகள் என்று பெயர். அவர்களுள் முதன்மையானோர் 20 பேர். அவர்களையும் பங்கு வாக்காலேயே தேர்ந்தெடுத்தனர். ஒருவர் 30 சாட்சிகளுக்கு வாக்களிக்கலாம். ஒவ்வொருவர்க்கும் அவருடைய முழு எடையும் சேரும். ஆகவே, மற்றெவரையும்விடப் பெரும்பங்கு கொண்டு ஒருவர் வந்தால், 20 இடங்களையும் தாமே நிரப்பிவிடலாம்.

அவ்வாண்டு பிப்ரவரியில், டிரான் நிறுவனத்தைத் தோற்றுவித்த ஜஸ்டின் சன் என்பவர் ஸ்டீமிட் நிறுவனத்தை விலைக்கு வாங்கினார். நிறுவனத்திடம் தொடக்கத்திலிருந்தே பெரும்பங்கு இருந்தது; அரங்கின் வளர்ச்சிக்கே அது பயன்படும், வாக்களிக்கப் பயன்படாது என்பது உறுப்பினரின் நம்பிக்கை. அந்நம்பிக்கை குலையுமோ என்று அஞ்சிய சாட்சிகள் அப்பங்கை முடக்கினர். மார்ச் 2ஆம் நாள், பைனான்ஸ், ஹுவோபி, போலோனியெக்ஸ் என்னும் நாணயமாற்று நிலையங்கள், தம்மிடம் வாடிக்கையாளர் வைத்திருந்த ஸ்டீம் நாணயங்களைப் பூட்டி, அவ்வலிமையால் சன் தரப்புச் சாட்சிகளுக்கு வாக்களித்தன. பழைய சாட்சிகள் ஒருசேர வீழ்ந்தனர். நாம் வங்கியில் போட்ட பணத்தைக் கொண்டு, நம்மைக் கேளாமலே, வங்கியார் நம் சங்கத் தேர்தலில் வாக்களித்தாற் போன்றது இது. கண்டனம் எழுந்தபின் பைனான்ஸும் ஹுவோபியும் தம் வாக்குகளைத் திரும்பப் பெற்றன. வழக்கமான சீரமைப்பு என்றெண்ணியே இணங்கியதாகப் பைனான்ஸ் விளக்கம் கூறிற்று.

உறுப்பினருள் பெரும் பகுதியினர் மார்ச் 20ஆம் நாள் பிரிந்துசென்று, ஹைவ் என்னும் புதிய அரங்கை அமைத்தனர். பழைய அரங்கில் இருந்த பங்குகளை அவரவர்க்கு அவ்வாறே வழங்கினர். நிறுவனத்தின் பங்கை விலக்கினர். எதிர்த்தரப்புக்கு வாக்களித்த சில கணக்குகளுக்கும் தொடக்கத்தில் பங்கு மறுத்தனர். மே மாதத்தில் பழைய ஸ்டீம் அரங்கோ, தன்னை எதிர்த்தவர் சிலரின் கணக்குகளினின்று இரண்டு கோடிக்கு மேற்பட்ட நாணயங்களைப் பறித்தது. அதிகாரம் கையில் இருந்தபோது இரு தரப்பும் அதனைச் செலுத்தத் தயங்கவில்லை என்பதை நடுநிலையோடு காணல் வேண்டும். தனி மனிதரின் குணம் மட்டுமே இங்குக் குற்றவாளி அன்று. விதியின் குறையும் குற்றவாளியே.

ஹைவ் அரங்கு பின்னர் ஒரு விதி செய்தது. புதிதாகப் பூட்டிய பங்கு, 30 நாள் கழிந்த பின்னரே சாட்சிகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெறும். 1767ஆம் ஆண்டின் ஆறு திங்கள் விதியும் இதுவும் ஒரே கருத்துடையன அல்லவா? திடீரென்று வந்து வாக்களித்துவிட்டுப் போகும் பணத்தைத் தடுக்கக் காலமே வேலி என்பதை, இரண்டரை நூற்றாண்டுக்குப் பின் மீண்டும் ஒருமுறை கற்றுக்கொண்டனர்.

நம் நாட்டுச் சட்டங்களிலும் இத்தகைய வேலிகள் உள. கூட்டுறவுச் சங்கத்தில் எத்தனை பங்கு வைத்திருப்பினும் உறுப்பினர்க்கு ஒரு வாக்கே என்பது அவ்வியக்கத்தின் அடிப்படை. 1904ஆம் ஆண்டில் சென்னையில் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தின் வழிவந்தோர் இதனை நன்கு அறிவர். கம்பெனிகளில் பங்குக்கு ஏற்ற வாக்கு உண்டு எனினும், தனியார் வங்கிகளில் ஒருவரின் வாக்கு நூற்றுக்கு 26க்கு மேற்படக் கூடாது என்று வரம்பு உள்ளது. பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகளையும் ஈண்டு நினைவுகூரலாம். குடவோலையில் பெயர் எழுதப்பட நிலமும் வயதும் கல்வியும் தகுதியாயின. அத்துடன் நில்லாமல், முன்னர்ப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் விலக்கினர். அண்மையில் பதவி வகித்தவரையும் விலக்கினர். கூட்டு வாக்கு என்னும் கேட்டை ஆயிரம் ஆண்டுக்கு முன்னரே நம்மவர் அறிந்திருந்தனர் என்பதற்கு இது சான்று.

பெரிய சமூக ஊடகங்களிலும் பணத்தின் எடை ஏறிவருகிறது. எக்ஸ் என்னும் ஊடகம் 2023ஆம் ஆண்டு பிப்ரவரியில் இந்தியாவில் கட்டண உறுப்பினர் முறையைத் தொடங்கியது. கட்டணம் செலுத்தியோரின் மறுமொழிகள் முன்னிடம் பெறுகின்றன. 2024ஆம் ஆண்டின் இறுதி முதல், எழுதுபவரின் வருவாயும் அத்தகைய உறுப்பினரின் ஈடுபாட்டைப் பொறுத்ததாயிற்று. அங்கே பங்கு இல்லை. ஆயினும் கட்டணம் வாக்காக மாறுகிறது. உணவுக்கடைகளுக்கு இடும் நட்சத்திர மதிப்பும் ஒருவகை வாக்கே. பிரேசர் டவுனின் மசூதிச் சாலையில் கடை வைத்திருக்கும் எளியவர், பொய் மதிப்புரைகளால் வாடிக்கையாளரை இழக்க நேரலாம். 2022ஆம் ஆண்டு நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைப்பு வெளியிட்ட 19000 என்னும் எண்ணுடைய தரநெறி, விலைக்கு வாங்கிய மதிப்புரைகளை வெளியிடலாகாது என்கிறது.

இனி, இத்தகைய அரங்குகளில் எழுதப் புகும் நம்மவர் கேட்டறிய வேண்டிய கேள்விகள் சில. இங்கே வாக்கின் எடை எதனால் அமைகிறது? மிகப் பெரும்பங்கு உடையோர் எத்தனை பேர், அவர்கள் கையில் எவ்வளவு? விதியை மாற்றும் உரிமை யாருக்கு? என் ஊதியம் குறைக்கப்பட்டால் நான் முறையிடும் இடம் எது? பூட்டிய பொருளை எத்தனை நாளில் திரும்பப் பெறலாம்? இவற்றுக்குத் தெளிவான விடை கிடையாத இடத்தில் சேமிப்பை முடக்குதல் அறிவுடைமை ஆகாது. மின்னணு நாணயத்தால் வரும் ஆதாயத்துக்கு 2022ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நூற்றுக்கு 30 வரி உண்டு என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். வாக்கு வாங்கித் தருகிறோம் என்று வருவோரிடம் பணம் கொடுத்தல், நம் எழுத்தை நாமே இழிவுபடுத்துவதாகும். நம்மைப் போன்ற மற்றோர் எளியவரின் பங்கைப் பறிப்பதும் ஆகும்.

வாசகராக நமக்கும் ஒரு கடமை உண்டு. நம் வாக்கு சிறியது என்று எண்ணிப் படியாமலே வாக்களித்தலும், நம் ஊரார் என்பதற்காக வாக்களித்தலும், பெருஞ்செல்வர் செய்யும் கேட்டின் சிறு வடிவமே. பெங்களூரிலோ பம்பாயிலோ டில்லியிலோ வாழும் தமிழர் ஒருவர், பகல் முழுதும் உழைத்து, இரவில் விளக்கேற்றி எழுதிய நான்கு பக்கத்தை முழுதும் படித்து, நன்று எனின் நன்று என்று சொல்வோமாக. நன்றன்று எனின் காரணத்தைப் பணிவோடு எழுதுவோமாக. விதிகளைச் செம்மை செய்வது அரங்கை நடத்துவோர் கடன். நம் வாக்கைச் செம்மையாக இடுவது நம் கடன்.